நிலத்தடி நீர் மேலாண்மைக்கு முப்பரிமாண நிலவியல் வரைபடம்: உருவாக்கும் முறையும் பயன்படுத்தும் முறையும்

கழிவுநீர்க் குட்டை ஒன்றிலிருந்து கசியும் நீர் அரைக் கிலோமீட்டர் தள்ளியுள்ள குடிநீர்க் கிணற்றை எட்டுமா என்ற கேள்விக்கான விடை, இரண்டுக்கும் நடுவே நிலத்தடியில் கிடக்கும் களிமண் படுகை அறுபடாமல் தொடர்கிறதா என்பதைப் பொறுத்தே பெரும்பாலும் அமைகிறது. மேற்பரப்பில் எந்தப் பாறை, எந்த மண் வெளித்தெரிகிறது என்று வண்ணம் தீட்டிக் காட்டும் வழக்கமான நிலவியல் வரைபடம் இதைச் சொல்வதில்லை. கிணற்றுப் பதிவேடும் தனியாக இதைச் சொல்வதில்லை. அது ஒரு புள்ளியில் கீழே என்ன இருக்கிறது என்பதோடு நின்றுவிடுகிறது. புள்ளிகளுக்கு நடுவே உள்ளதை, கிடைத்த சான்றுகள் அனைத்தையும் வைத்து, மேல்மட்டம், அடிமட்டம், கனம், தொடர்ச்சி என்று இடஞ்சுட்டிக் காட்டுவதுதான் முப்பரிமாண நிலவியல் வரைபடம். நிலத்தடி நீரைப் பங்கிடவோ காக்கவோ பெருக்கவோ பொறுப்பேற்றவர்கள் அதை எப்படி உருவாக்கலாம், உருவாக்கியபின் எதற்கு நம்பலாம், எதற்கு நம்பக் கூடாது என்பதை இங்கே விளக்குகிறேன்.

கேள்வியிலிருந்து தொடங்குங்கள்

மென்பொருளைத் திறப்பதற்கு முன் ஒரு தாளில் எழுதவேண்டியது, இந்த வரைபடம் எந்த முடிவுக்குத் துணை நிற்கப் போகிறது என்பதை. ஒரு வடிநிலம் முழுவதிலும் ஆண்டுக்கு எவ்வளவு நீர் எடுக்க அனுமதிக்கலாம் என்பது கேள்வியானால், ஒரு கிலோமீட்டருக்கு ஒரு கட்டம் போதுமானதாக இருக்கலாம். சில மீட்டர் கனமுள்ள படுகைகளை ஒன்றாகச் சேர்த்தாலும் பெரிய தவறு நேராது. ஒரு குறிப்பிட்ட கிணற்றை மாசிலிருந்து காப்பது கேள்வியானால், 25 அல்லது 50 மீட்டர் கட்டங்களும் ஒரு மீட்டர் களிமண்ணைக்கூடத் தவறவிடாத நுணுக்கமும் தேவைப்படும். இரண்டு தேவைகளையும் கணினியில் அமைக்கும் ஒரே முப்பரிமாண மாதிரியால் நிறைவேற்ற முயல்வது, இரண்டையும் நிறைவேற்றாத மாதிரியில்தான் முடியும்.

எல்லையைத் தீர்மானிக்கும்போது நிர்வாக எல்லையை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். நீர் உள்ளே ஊறும் இடம், வெளியேறும் ஆறு அல்லது ஊற்று, அடியில் நீர் புகாத பாறை ஆகியவை வரைபடத்துக்குள் அடங்கவேண்டும்; அவற்றுக்கு அப்பாலும் சில கிலோமீட்டருக்குத் தரவு இருந்தால் ஓரங்களில் கணிப்பு தடுமாறாது. ஆழத்தைப் பொறுத்தவரை, இன்று நீர் எடுக்கப்படும் ஆழத்தோடு நிறுத்திக்கொள்ளாமல், அடுத்த தலைமுறைக் கிணறுகள் எட்டக்கூடிய ஆழம் வரை செல்வது நல்லது.

துளைப் பதிவுகளைத் திரட்டுதலும் துப்புரவாக்குதலும்

முழு வேலையில் பாதிக்கு மேற்பட்ட காலம் இங்கேதான் செலவாகும், செலவாகவும் வேண்டும். ஆழ்துளைக் கிணறு தோண்டுவோர் எழுதிவைத்த பதிவுகள், சாலை, பாலம், கட்டடங்களுக்காக எடுக்கப்பட்ட மண் ஆய்வுத் துளைகள், சுரங்க ஆய்வுத் துளைகள், பழைய ஆய்வறிக்கைகள் என்று கிடைப்பவை எல்லாவற்றையும் ஒரே அட்டவணையில் கொண்டுவாருங்கள். ஒவ்வொரு துளைக்கும் அமைவிடம், வாய்மட்டத்தின் உயரம், மொத்த ஆழம், தோண்டிய முறை, தோண்டிய ஆண்டு, பதிந்தவரின் சொற்கள் அப்படியே, அவற்றுக்கு நீங்கள் கொடுத்த விளக்கம் தனியே என்று பத்திகள் இருக்கட்டும். மூலச் சொற்களை அழித்துவிட்டு உங்கள் விளக்கத்தை மட்டும் வைத்திருந்தால், ஐந்தாண்டு கழித்து வருபவர் உங்கள் தவறைக் கண்டுபிடிக்க வழியே இருக்காது.

முதலில் சோதிக்கவேண்டியது வாய்மட்ட உயரம். கையடக்க ஜிபிஎஸ் கருவி காட்டும் உயரத்தில் 10 மீட்டர் பிழை சாதாரணம். 3 மீட்டர் கனமுள்ள களிமண் படுகையைத் துளைக்குத் துளை இணைக்க முயல்பவருக்கு அது பேரிடி. துல்லியமான நில அளவை முடியாத இடங்களில், எல்லாத் துளைகளின் உயரத்தையும் நிலமட்ட உயரங்களைக் கட்டம் கட்டமாகத் தரும் ஒரே எண்ணியல் உயர மாதிரியிலிருந்து எடுத்தால் பிழை முற்றிலும் போகாவிட்டாலும் ஒரே சீராக இருக்கும். ஜிபிஎஸ் தரும் உயரம் பூமியின் கணித வடிவமான நீள்கோளத்திலிருந்து அளக்கப்படுவது, நமக்கு வேண்டியதோ சராசரிக் கடல் மட்டத்திலிருந்து அளந்த உயரம் என்பதையும் மறக்கக் கூடாது. இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு இடத்துக்கு இடம் மாறுகிறது. இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் அது 100 மீட்டரைத் தாண்டுகிறது. இரு வகை உயரங்களும் ஒரே அட்டவணையில் கலந்துவிட்டால், பாறை மட்டத்தில் இல்லாத பள்ளங்களும் குன்றுகளும் முளைக்கும்.

அடுத்தது அலகு. நான் தயாரித்த ஒரு மாதிரியில், அடிப்பாறையின் மேல்மட்டத்தில் ஒரே ஒரு துளையைச் சுற்றி வட்ட வட்டமாக ஓர் ஆழமான குழி தோன்றியது. புதையுண்ட பள்ளத்தாக்காக இருக்கலாம் என்று இரண்டு நாள் ஆர்வத்தோடு அதை ஆராய்ந்தேன். மூலப் பதிவை எடுத்துப் பார்த்தபோது, 200 அடி என்று எழுதியிருந்ததை 200 மீட்டர் என்று நானே பதிவேற்றியிருந்தது தெரிந்தது. உண்மையில் பாறை 61 மீட்டரில் இருந்தது. ஒற்றைத் துளையைச் சுற்றி வட்டமாக எழும் எந்த வடிவத்தையும், நிலவியல் என்று நம்புவதற்கு முன் மூலப் பதிவோடு ஒப்பிட்டுவிடுவது அன்றிலிருந்து என் வழக்கம்.

பதிவு எப்படிப் பிறந்தது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். சேற்றுக் கலவையைச் சுழலவிட்டுத் துளையிடும் முறையில், உடைந்த துகள்கள் சேற்றோடு மேலேறி வரச் சில நிமிடங்கள் ஆகும். துளை 100 மீட்டர் ஆழத்தில் இருக்கும்போது சேறு நிமிடத்துக்கு 20 மீட்டர் வேகத்தில் மேலேறினால், துகள் வாய்க்கு வர 5 நிமிடம் பிடிக்கும். அதற்குள் துளைமுனை நிமிடத்துக்கு அரை மீட்டர் வீதம் மேலும் இரண்டரை மீட்டர் இறங்கியிருக்கும். அந்தத் தாமதத்தைக் கழிக்காமல் எழுதிய பதிவில் எல்லாப் படுகைகளும் உண்மையைவிட ஆழமாகவே தோன்றும். மெல்லிய களிமண் அடுக்குகள் சேற்றோடு கரைந்து பதிவிலிருந்தே மறைந்துபோவதும் உண்டு. இதற்கு நல்ல துணை காமா பதிவு. களிமண்ணில் பொட்டாசியம் போன்ற இயற்கைக் கதிரியக்கத் தனிமங்கள் மிகுந்திருப்பதால், கருவியைத் துளைக்குள் இறக்கும்போது களிமண் எதிரே அளவீடு உயரும். குழாய் இறக்கிய பழைய கிணறுகளிலும் இதை எடுக்க முடியும் என்பது பெரிய வசதி. பொட்டாசிய ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம் மிகுந்த மணலும் உயர்ந்த அளவீட்டைக் காட்டக்கூடும் என்பதால், சில இடங்களிலாவது உண்மையான மண் மாதிரியோடு ஒப்பிட்டபின்பே நம்புங்கள்.

இன்னும் இரண்டு செய்திகளைப் பலர் வீணடிக்கிறார்கள். 40 மீட்டரில் நிறுத்தப்பட்ட துளை ஒன்றில் அடிப்பாறை தென்படவில்லை என்றால், அதைப் 'பாறைத் தரவு இல்லை' என்று ஒதுக்கக் கூடாது. அங்கே பாறை 40 மீட்டருக்குக் கீழேதான் இருக்கிறது என்ற உறுதியான வரம்பை அது தருகிறது. அதேபோல், நீர் கிடைக்காமல் கைவிடப்பட்ட துளைகளின் பதிவுகள் பெரும்பாலும் காப்பகத்துக்கு வருவதே இல்லை. வெற்றி பெற்ற கிணறுகளை மட்டும் வைத்து வரைந்தால், நிலமெங்கும் மணலும் சரளையும் நிறைந்திருப்பதுபோல் ஒரு பொய்த்தோற்றம் உருவாகும். தோண்டியவர்களிடம் நேரில் சென்று, எங்கே தோல்வி கண்டீர்கள் என்று கேட்டு வாங்குங்கள். அந்த உரையாடலுக்குச் செலவிடும் ஒரு நாள் வீண்போகாது.

நீர் நகரும் விதத்தால் படுகைகளைப் பிரித்தல்

நிலவியலாளர் படுகைகளை வயதாலும் தோற்றத்தாலும் பிரிப்பார். நீரோ வயதைப் பார்த்து ஓடுவதில்லை. ஒரே காலத்தில் படிந்த ஒரே பாறைத் தொகுதிக்குள் மணற்கல்லும் களிக்கல்லும் மாறி மாறி வந்தால் அவற்றை இரண்டாகப் பிரிக்க வேண்டும். வெவ்வேறு காலத்து மணல்கள் ஒன்றன்மேல் ஒன்று இடைத்தடையின்றிக் கிடந்தால் அவற்றை ஒரே நீர்தாங்கிப் படுகையாகச் சேர்க்கலாம். நீரை எளிதில் கடத்துபவை, மெல்லக் கசியவிடுபவை, ஏறக்குறைய முற்றிலும் தடுப்பவை என்ற அடிப்படையில் உங்கள் பகுதிக்கு ஏற்ற படுகை அலகுகளின் வரிசையை, மேலிருந்து கீழாக, முதலிலேயே முடிவு செய்யுங்கள்.

எதைச் சேர்க்கலாம், எதைச் சேர்க்கக் கூடாது என்பதற்கு ஒரு கணக்கைப் பாருங்கள். 20 மீட்டர் மணல், அதன் நீர்க்கடத்துதிறன் (நீரை எவ்வளவு எளிதாகக் கடத்தும் என்ற அளவு) நாளுக்கு 10 மீட்டர். அதன் நடுவே 1 மீட்டர் களிமண், கடத்துதிறன் நாளுக்கு 0.0001 மீட்டர். இவை இரண்டையும் ஒரே அலகாகச் சேர்த்தால், கிடைவாட்டில் சராசரிக் கடத்துதிறன் நாளுக்கு ஏறத்தாழ 9.5 மீட்டர்; களிமண் இருப்பதே தெரியாது. செங்குத்தாகக் கணக்கிட்டாலோ அது 0.0021 மீட்டராகச் சுருங்குகிறது, அதாவது சுமார் 4,500 மடங்கு குறைவு. பக்கவாட்டு ஓட்டத்தை மட்டும் பார்ப்பவர் அந்த ஒரு மீட்டரைப் புறக்கணிக்கலாம். மேலிருந்து இறங்கும் மாசைப் பற்றியோ, மழைநீர் ஆழ்படுகைக்கு இறங்குவதைப் பற்றியோ கவலைப்படுபவருக்கு அந்த ஒரு மீட்டர்தான் முழு வரைபடமும்.

துளைகளுக்கு நடுவே பார்ப்பது: புவி இயற்பியல்

துளைகளுக்கு நடுவே உள்ள வெற்றிடத்தை நிரப்ப மின்தடை ஆய்வும் மின்காந்த ஆய்வும் பெரிதும் உதவுகின்றன. நன்னீர் நிறைந்த மணல் மின்னோட்டத்தை ஓரளவு தடுக்கும். களிமண் குறைவாகத் தடுக்கும். உப்புநீர் தோய்ந்த மணல் மிகக் குறைவாகத் தடுக்கும். பிளவற்ற கருங்கல் மிக அதிகமாகத் தடுக்கும். மின்தடையின் அலகான ஓம்-மீட்டரில் சொன்னால், பொதுவாகக் களிமண் சில ஓம்-மீட்டரிலிருந்து சில பத்து ஓம்-மீட்டர் வரையும், நன்னீர் மணல் சில பத்திலிருந்து சில நூறு வரையும், உறுதியான கருங்கல் ஆயிரத்துக்கு மேலும் காட்டும். இந்த எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று படிவதால், உங்கள் பகுதிக்குரிய எண்களைத் தெரிந்த துளைகளின் அருகே அளந்து பெறவேண்டும்.

இதில் மிகுந்த கவனம் தேவைப்படும் இடம் கடலோரம். குறைந்த மின்தடை தெரிந்தால் அது களிமண்ணா, உப்புநீர் புகுந்த மணலா என்று அந்த எண் மட்டும் சொல்லாது; இரண்டும் மேலாண்மைக்கு நேர் எதிரான பொருள் தருபவை. களிமண் என்றால் பாதுகாப்பு, உப்புநீர் என்றால் ஆபத்து. அருகிலுள்ள கிணற்று நீரின் மின்கடத்துதிறனையும் காமா பதிவையும் சேர்த்துப் பார்த்தபின்பே வண்ணம் தீட்டுங்கள்.

ஆழம் கூடக்கூட இம்முறைகளின் கூர்மை மழுங்கும். 40 மீட்டர் ஆழத்தில் கிடக்கும் ஒரு மீட்டர் களிமண்ணை மேற்பரப்பு மின்தடை ஆய்வு தனியே பிரித்துக் காட்டாது. 'ஆய்வில் தெரியவில்லை, ஆகவே அங்கே இல்லை' என்ற முடிவுக்கு வரவேண்டாம்.

இத்தகைய ஆய்வைப் பெரிய அளவில் செய்து காட்டிய நாடு டென்மார்க். குடிநீருக்கு ஏறக்குறைய முழுவதுமாக நிலத்தடி நீரையே நம்பியிருக்கும் அந்நாடு, 1999 முதல் 2015 வரை நடத்திய தேசிய நிலத்தடி நீர் வரைபடத் திட்டத்தில் நிலப்பரப்பில் சுமார் 40 விழுக்காட்டை விரிவாக ஆராய்ந்தது. ஹெலிகாப்டரின் கீழே தொங்கவிட்ட மின்காந்தக் கருவியால் சில நூறு மீட்டர் ஆழம் வரை பார்க்கும் முறை அங்கேதான் இதற்கென உருவாக்கப்பட்டு வளர்ந்தது. பனியாற்றுக் காலத்தில் அரிக்கப்பட்டுப் பின் மணலும் களிமண்ணும் நிரம்பி மூடிய புதையுண்ட பள்ளத்தாக்குகள் பல இவ்வாறு துலங்கின. மேற்பரப்பைப் பார்த்தவர் எவரும் அவற்றை ஊகித்திருக்க முடியாது.

கையால் வரையும் குறுக்குவெட்டும் கணினி இணைக்கும் பரப்பும்

எல்லாத் துளைகளையும் கணினியிடம் கொடுத்து 'இணைத்துக் கொடு' என்று சொல்லும் ஆசை எல்லோருக்கும் வரும். அதற்கு முன் கையால், அல்லது திரையில் சுட்டியால், குறுக்குவெட்டுகளை வரையுங்கள் என்பதே என் உறுதியான பரிந்துரை. கணினிக்குத் தூரம் மட்டுமே தெரியும். ஒரு மணற்படுகை எந்த ஆற்றால் படிந்தது, அந்த ஆறு எந்தத் திசையில் ஓடியது என்பது தெரியாது. ஆற்று மணல் ஓட்டத்தின் திசையில் கிலோமீட்டர் கணக்கில் நீண்டு, குறுக்கே சில நூறு மீட்டரில் முடிந்துவிடும். எல்லாத் திசைகளையும் ஒன்றாகக் கருதும் இடைக்கணிப்பு (துளைகளுக்கு நடுவே உள்ளதைக் கணினி கணிப்பது) அதை வட்ட வட்டத் திட்டுகளாக உடைத்துவிடும். அப்போது மாசு ஓடக்கூடிய நீண்ட பாதை வரைபடத்திலிருந்தே காணாமல் போகும்.

பழைய ஓட்டத்துக்குக் குறுக்காக ஒரு தொகுதி, நெடுக்காக ஒரு தொகுதி என்று வெட்டுக்கோடுகளைத் தேர்ந்தெடுத்து, நம்பகமான துளைகளின் வழியாக அவை செல்லுமாறு அமையுங்கள். இரண்டு வெட்டுகள் சந்திக்கும் இடத்தில் ஒவ்வொரு படுகையின் மட்டமும் இரண்டிலும் ஒன்றாக இருக்கவேண்டும். இல்லையென்றால் இரண்டில் ஒன்று தவறு. இந்த ஒத்திசைவைச் சரிபார்க்கும் வேலை சலிப்பூட்டும், ஆனால் படுகைகளைப் பற்றிய புரிதல் பிறப்பது அதில்தான். செங்குத்து அளவைப் பெருக்கிக் காட்டுவது தவிர்க்க முடியாதது. 10 மடங்கு பெருக்கினால் 2 பாகை சரிவு 19 பாகை போலத் தோன்றும் என்பதை வெட்டின் ஓரத்திலேயே குறித்துவையுங்கள், பார்ப்பவர் ஏமாறாதிருக்க.

வெட்டுகள் ஒத்துவந்தபின் கணினியிடம் போகலாம். படுகைகள் தெளிவாக அடுக்கடுக்காக இருக்குமிடத்தில், ஒவ்வொரு படுகையின் மேல்மட்டத்தையும் அடிமட்டத்தையும் தனித்தனிப் பரப்புகளாக அமைத்து அடுக்கும் முறை போதும். அப்போது இரண்டு பரப்புகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டால் எது எதை அரித்தது, எது எதன்மேல் ஒட்டிப் படிந்தது என்ற விதியை நீங்கள்தான் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் எதிர்க்குறிக் கனமுள்ள படுகைகள் உருவாகும். ஒரு படுகை முற்றிலும் இல்லாத துளையில் அதன் கனம் சுழி என்று பதிவதும் இன்றியமையாதது. அந்தச் சுழிதான் படுகை எங்கே அறுந்துபோகிறது என்று சொல்கிறது.

மணலும் வண்டலும் களிமண்ணும் பின்னிப் பிணைந்து, பரப்பு வரைய முடியாத அளவுக்குக் குழம்பியிருக்குமிடத்தில், நிலத்தைச் சிறு கனக்கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் என்ன இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று கணிப்பது பொருத்தமானது. நெதர்லாந்தின் ஜியோடாப் மாதிரி இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு: 100 மீட்டருக்கு 100 மீட்டர் பரப்பும் அரை மீட்டர் உயரமும் கொண்ட கட்டங்களாக, அந்நாட்டின் உயர அடிமட்டத்துக்குக் கீழே 50 மீட்டர் வரை, ஒவ்வொரு கட்டத்துக்கும் மண்வகையின் வாய்ப்பளவோடு அது அமைந்திருக்கிறது.

கடினப் பாறைப் பகுதிகளில் இவை எல்லாம் வேறு வடிவம் எடுக்கும். கருங்கல்லிலும் நைஸ் பாறையிலும் நீர் இருப்பது மேலுள்ள சிதைந்த பாறையிலும் அதன் கீழே வெடிப்பு மிகுந்த பகுதியிலும்தான். அங்கே வரையவேண்டியவை சிதைந்த பகுதியின் அடிமட்டம், வெடிப்புப் பகுதியின் அடிமட்டம், பெரிய பிளவுகள், குறுக்கே சுவர்போல் எழுந்த தீப்பாறை ஊடுருவல்கள். ஒவ்வொரு வெடிப்பையும் வரைய முயலவேண்டாம். அடுத்தடுத்த இரண்டு துளைகளில் ஒன்றில் நீர் பீறிட்டு மற்றொன்று வறண்டிருக்கக்கூடிய நிலத்தில் அந்தத் துல்லியம் பொய்யானது.

மாதிரியைச் சோதித்தல், ஐயத்தை வெளிக்காட்டுதல்

பத்தில் ஒரு பங்குத் துளைகளை முதலிலேயே ஒதுக்கிவைத்து, அவை இல்லாமல் மாதிரியை அமைத்து, அந்த இடங்களில் மாதிரி சொல்வதையும் பதிவு சொல்வதையும் ஒப்பிடுங்கள். களிமண்ணின் அடிமட்டத்தில் வேறுபாடு சராசரியாக 4 மீட்டர் என்றால், 3 மீட்டர் கனமுள்ள களிமண்ணின் தொடர்ச்சியைப் பற்றி அந்த மாதிரி எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. அதை அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதவேண்டும்.

இதைவிட வலிமையான சோதனையைத் தருவது நீரே. களிமண்ணுக்கு மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக அமைந்த இரண்டு நோக்குக் கிணறுகளில் நீர்மட்டம் எப்போதும் ஒன்றாகவே ஏறி இறங்கினால், வரைபடத்தில் நீங்கள் வரைந்த தடை அருகில் எங்கோ அறுந்திருக்கிறது என்று ஐயுற வேண்டும். ஆழ்படுகையில் நீர் இறைத்துச் சோதிக்கும்போது மேற்படுகைக் கிணறு சில மணி நேரத்தில் இறங்கினாலும் அதே பொருள்தான். தடுப்புப் படுகைக்குக் கீழே உள்ள நீரில் உரத்திலிருந்து வரும் நைட்ரேட் மிகுந்திருந்தால், ஒன்று களிமண்ணில் திறப்பு இருக்கிறது, அல்லது பழுதடைந்த கிணற்றுக் குழாய் வழியாக மேல்நீர் இறங்குகிறது. எது என்று கண்டறியும்வரை அந்த இடத்தை வெற்றிடமாகவே காட்டுங்கள்.

ஐயத்தைக் காட்ட எளிய வழி, ஒவ்வொரு பரப்பின்மேலும் அருகிலுள்ள துளைக்கு எவ்வளவு தூரம் என்று நிழலிட்ட இன்னொரு வரைபடத்தை இணைப்பது. இன்னும் சிறந்தது, ஒரே தரவுக்குப் பொருந்தும் மாற்று மாதிரிகள் இரண்டு மூன்றை உருவாக்குவது: களிமண் தொடர்வதாக ஒன்று, அறுந்திருப்பதாக ஒன்று. இரண்டிலும் முடிவு ஒன்றாகவே வந்தால் நிம்மதியாகச் செயல்படலாம்; மாறினால், அடுத்த ஆய்வுத் துளையை எங்கே போடவேண்டும் என்பது தெளிவாகிவிடும்.

வடிவத்திலிருந்து நீரின் அளவுக்கு

வடிவம் முடிந்ததும் ஒவ்வொரு அலகுக்கும் நீர்க்கடத்துதிறன், நீர் விடுவிக்கும் திறன் போன்ற பண்புகளைக் கொடுக்க வேண்டும். அவை பம்பிங் சோதனைகளிலிருந்து வரட்டும். மண்வகையின் பெயரைப் பார்த்து நூலிலிருந்து எடுத்த எண்ணைத் தற்காலிகமாக மட்டும் வைத்திருங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. 20 சதுர கிலோமீட்டர் பரப்பில் சராசரியாக 15 மீட்டர் கனமுள்ள நீர் நிறைந்த மணல் இருக்கிறது என்று மாதிரி காட்டினால், அதன் கன அளவு 30 கோடி கன மீட்டர். ஆனால் மேலே திறந்துள்ள படுகையில் ஈர்ப்பால் வடியக்கூடிய பங்கு 0.15 என்றால், வடித்தெடுக்கக்கூடியது அதிகபட்சம் 4.5 கோடி கன மீட்டர். அப்படுகையில் நீர்மட்டம் 10 மீட்டர் இறங்கினால் கிடைப்பது 3 கோடி கன மீட்டர். அதே மணல் களிமண்ணுக்கு அடியில் அழுத்தத்தோடு அடைபட்டிருந்து, அதன் தேக்கக் கெழு (அழுத்த மட்டம் ஒரு மீட்டர் இறங்கும்போது ஒரு சதுர மீட்டர் பரப்பிலிருந்து கிடைக்கும் நீரின் கன மீட்டர் அளவு) 0.0002 ஆக இருந்தால், அழுத்த மட்டம் அதே 10 மீட்டர் இறங்கும்போது கிடைப்பது வெறும் 40,000 கன மீட்டர். 750 மடங்கு குறைவு. மணலின் கனத்தை மட்டும் காட்டும் அழகான படத்தைப் பார்த்து அனுமதி வழங்குபவருக்கு, அந்த மணலின் மேல் மூடி இருக்கிறதா இல்லையா என்பதை அதே படத்தில் காட்டியாக வேண்டும்.

பின்னர் இந்த வடிவத்தையும் பண்புகளையும் நீரோட்ட மாதிரிக்குள் செலுத்தலாம். அமெரிக்க நிலவியல் ஆய்வகம் 1980-களில் வெளியிட்டு இன்றுவரை கட்டணமின்றி வழங்கிவரும் மாட்ஃப்ளோ என்ற மென்பொருள் இதற்குப் பரவலாகப் பயன்படுகிறது. நீரோட்ட மாதிரியைக் கண்காணிப்பு அளவீடுகளோடு பொருத்தும்போது, ஓரிடத்தில் நம்பமுடியாத பண்பு எண்களைக் கொடுத்தால்தான் நீர்மட்டம் பொருந்துகிறது என்ற நிலை வந்தால், எண்ணைத் திருகிக்கொண்டே இருக்க வேண்டாம். திரும்பிப் போய் நிலவியல் வரைபடத்தைப் பாருங்கள். அங்கே ஒரு படுகை தவறாக இணைக்கப்பட்டிருக்கலாம்.

முடிவுகளில் பயன்படுத்துதல்

புதிய குடிநீர்க் கிணற்றுக்கு இடம் தேடும்போது, நீர்தாங்கிப் படுகையின் கன வரைபடத்தையும் அதற்கு மேலுள்ள களிமண்ணின் கன வரைபடத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வையுங்கள். இரண்டும் தடிமனாக இருக்குமிடமே முதல் தேர்வு. கிணற்றுக்குள் நீரை விடும் துளைகள் கொண்ட சல்லடைக் குழாய் எந்த ஆழத்திலிருந்து எந்த ஆழம் வரை இருக்கவேண்டும், களிமண் எதிரே துளையின் சுற்றுவெளியை எங்கே களிமண் சாந்தால் அடைக்கவேண்டும் என்பதையும் மாதிரியிலிருந்தே முன்கூட்டித் தீர்மானிக்கலாம். மேற்படுகையையும் ஆழ்படுகையையும் ஒரே சல்லடையால் இணைத்துவிடும் கிணறு, இயற்கை ஆயிரமாயிரம் ஆண்டுகள் பிரித்துவைத்ததை ஒரே நாளில் ஒன்றாக்கிவிடுகிறது. அத்தகைய கிணறுகளுக்கு அனுமதி மறுக்க இந்த வரைபடம் அசைக்க முடியாத சான்று.

செயற்கை நீர்ச்செறிவூட்டலுக்கு வேண்டியது இதற்கு நேர் மாறானது: களிமண் இல்லாத, அல்லது மிக மெல்லிய இடம். களிமண் மூடியின்மேல் வெட்டப்பட்ட ஊறல் குட்டையில் நீர் மாதக்கணக்கில் நின்று ஆவியாகிப் போகும்; குட்டை நிறைந்திருப்பதைக் காண்பவர்கள் திட்டம் வெற்றி என்று கருதுவார்கள். களிமண்ணின் கனம் சுழியாகும் கோட்டை வரைபடத்தில் தடித்த கோடாகக் காட்டுங்கள். ஊறல் குட்டைகள் அந்தக் கோட்டின் களிமண் இல்லாத பக்கம் வரட்டும், ரசாயனக் கிடங்குகளும் குப்பைக் கிடங்குகளும் களிமண் உள்ள பக்கம் போகட்டும்.

கடலோரத்தில், நன்னீர் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம் வரை நன்னீர் இருக்கும் என்ற பழைய விதி ஒரே சீரான மணலுக்கு மட்டுமே பொருந்தும். இடையில் களிமண் படுகைகள் வந்தால் ஒவ்வொரு படுகையிலும் உப்புநீர் முனை வெவ்வேறு தூரத்துக்கு உள்ளே வந்திருக்கும். ஆகவே இறைப்பு வரம்பை ஊருக்கு ஒன்று என்று வகுக்காமல், படுகைக்கு ஒன்று என்று வகுக்க வேண்டும்.

இந்த முடிவுகளால் பாதிக்கப்படும் கிணற்று உரிமையாளர்களுக்கும் உழவர்களுக்கும் சுழலும் முப்பரிமாணப் படத்தைத் திரையில் காட்டுவதால் பெரும்பாலும் பயனில்லை. வியப்பார்கள், ஆனால் தங்கள் நிலம் எங்கே என்று தெரியாது. அவர்களுக்குப் பழக்கமான ஒரு சாலையின் நெடுக ஒரு குறுக்குவெட்டை எடுத்து, பெரிய தாளில் அச்சிட்டு, அவர்களுடைய கிணறுகளை உண்மையான ஆழத்தோடு அதில் குறித்துக் கொடுங்கள். தன் கிணறும் அண்டைக் கிணறும் ஒரே மணலிலிருந்து உறிஞ்சுவதைக் கண்ணால் காணும்போது பேச்சின் திசையே மாறுகிறது. சில நேரங்களில் ஒருவர் விரலை வைத்து, 'இங்கே களிமண் இல்லை, நான் தோண்டும்போது நேராக மணல்தான் வந்தது' என்பார். அதைக் குறித்துக்கொண்டு போய்ச் சரிபாருங்கள்.

புதுப்பிக்கும் ஏற்பாடு

வெளியிட்ட நாளிலிருந்தே மாதிரி பழையதாகத் தொடங்குகிறது. புதிதாகத் தோண்டப்படும் ஒவ்வொரு துளையும் அதை உறுதி செய்கிறது அல்லது மறுக்கிறது. அந்தப் பதிவுகள் தானாக வந்து சேரும் சட்ட ஏற்பாடு இருந்தால் மிக நன்று. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நீருக்காக 15 மீட்டருக்கு மேல் துளையிடுவோர் பதிவை ஒப்படைக்கவேண்டும் என்று 1991-ஆம் ஆண்டின் நீர்வளச் சட்டம் சொல்கிறது. நெதர்லாந்தில் 2018 முதல் நடைமுறையில் உள்ள நிலத்தடித் தரவுப் பதிவேட்டுச் சட்டம், அரசு அமைப்புகள் தாங்கள் எடுத்த துளைத் தரவுகளைப் பொதுப் பதிவேட்டில் சேர்க்கக் கட்டாயப்படுத்துகிறது. அத்தகைய சட்டம் இல்லாத இடத்திலும், துளையிட அனுமதி வழங்கும் படிவத்திலேயே பதிவை ஒப்படைக்கும் நிபந்தனையைச் சேர்க்க முடியும்.

மாதிரியின் ஒவ்வொரு பதிப்புக்கும் எண்ணும் தேதியும் இடுங்கள். எந்தத் துளைகள் புதிதாகச் சேர்ந்தன, எந்தப் பரப்பு எங்கே எத்தனை மீட்டர் நகர்ந்தது என்று ஒரு பக்கக் குறிப்பு எழுதுங்கள். முந்தைய பதிப்பை நம்பி வழங்கப்பட்ட அனுமதிகளில் எவை அந்த நகர்வால் பாதிக்கப்படுகின்றன என்று பார்த்து, உரியவர்களுக்குத் தெரிவிப்பதும் அதே குறிப்பின் பகுதியாக இருக்கட்டும்.